பெண் பிள்ளையும் ஸ்பேனர் பிடிக்கலாம்



சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், பெண் பிள்ளையை அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு லயத்துக்கு லயம் எழும். தோட்டத்தில் பேர் பதியலாம், கொழும்பில் வீட்டு வேலைக்கோ கார்மென்ட்டுக்கோ அனுப்பலாம் என்பதோடு அது நின்றுவிடும். இயந்திரத் தொழில் பழகட்டும் என்று சொன்னால், "அது ஆம்பளப் புள்ளைங்க வேல, பாரமான வேல" என்கிறோம். பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து மலை ஏறி இறங்குவது மட்டும் பாரமில்லையா?

தொழில் பயிலுநர் என்பவர் வேலைத்தலத்திலேயே, கைதேர்ந்த ஒருவரின் கீழ் வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்பவர். இதற்கென்றே 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இயங்குகிறது. 'நைட்டா' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். வயரிங், மோட்டார் மெக்கானிக், வெல்டிங், லேத் வேலை, குளிர்சாதனப் பெட்டி திருத்துதல் போன்றவற்றைப் பழகலாம். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

பயிற்சி முடித்துச் சோதனையில் தேறினால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். இதில் ஏழு நிலைகள் உண்டு. 4ஆம் நிலை முழுத் தொழிலாளிக்குரியது. 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். ஆகவே ஸ்பேனரோடு தொடங்கும் பிள்ளை பட்டம் வரைக்கும் போகலாம்.

வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நம் சொந்தக்காரர் பலர் குடியேறிய வன்னிப் பக்கத்தையே பாருங்கள். மன்னார் மாவட்டத்து நானாட்டானில் கட்டுக்கரைக்குளத் தண்ணீரில் நெல் விளைகிறது. அங்கே உழவு இயந்திரம், வெட்டு இயந்திரம், நீர்ப்பம்பி, அரிசி ஆலை எல்லாம் பழுதுபார்க்க ஆள் வேண்டும். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் சுழலுகின்றன. நம் தோட்டத்துப் பக்டரியிலும் ரோலர், டிரையர், மோட்டார் இருக்கின்றன. பழுதுபட்ட மோட்டாருக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது. தொழில் தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான்.

சேர்க்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

• ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.
• எத்தனை மாதம்? மாதப்படி எவ்வளவு?
• தங்குமிடம், போக்குவரத்து, பெண்களுக்கான கழிப்பறை எப்படி?
• முறைப்பாடு வந்தால் யாரிடம் சொல்வது?
• முடிவில் எந்த நிலைச் சான்றிதழ்?

இடம் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகரை நம்பாதீர்கள். பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரை நேரில் போய்க் கேளுங்கள். சாதாரண தரம் தவறினாலும் வழி அடைபடுவதில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்பாடம் படிக்கலாம். அது நடக்கும் பாடசாலை எது என்று அதிபரிடம் விசாரியுங்கள்.

பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள். அம்மாவின் கூடைதான் மகளுக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கைத்தொழில் ஒன்று இருந்தால், எந்த ஊருக்குப் போனாலும் அவள் தலை நிமிர்ந்து நிற்பாள்.