பழம்பொருள் காப்போர்

அரும்பொருட்காட்சியகம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது 1851-இல் தோன்றி, இன்று சென்னை எழும்பூரில் நிற்கும் பெரிய காட்சியகமாகும். அல்லது இந்நகரிலே கப்பன் பூங்காவை அடுத்து நிற்கும், 1865-இல் நிறுவப்பெற்ற காட்சியகத்தின் செந்நிறக் கட்டிடமாகும். இவற்றிற்கு அரசின் பொருளுதவி உண்டு, அலுவலர் உண்டு, காவலர் உண்டு. ஆயின் இவ்வகைத் துணை ஏதுமின்றி, சிற்றூர்ப் புறத்திலே, தம் ஊராரின் ஏர்க்காலையும் அடுப்படிக் கலங்களையும் கூடச் சேர்த்து வைத்துக் காப்பவர் சிலர் உளர். அவர்களைப்பற்றி நம் இதழில் இதுவரை யாரும் எழுதவில்லை. எனவே எழுத முற்பட்டோம்.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இருப்புப்பாதையில் கெங்கேரி, பிடதி ஆகிய நிலையங்களைக் கடந்தால் இராமநகரம். பட்டுக்கூட்டுச் சந்தைக்கும், கரும்பாறை மலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அதற்கும் சென்னபட்டணத்திற்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையோரம், பதினைந்து ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது 'ஜானபத லோகம்' என்னும் நாட்டுப்புறக் காட்சியகம். 2023-இல் திறக்கப்பெற்ற புதிய விரைவுச்சாலையில் காரில் பறப்பவர்கள் இவ்வூர்களை எட்டிப் பார்ப்பதுமில்லை. இரயிலில் செல்வோர்க்கே இன்னும் அந்தப் பேறு உண்டு. (நாம் இரயில்வேயில் பணிபுரிவதால் இவ்வாறு சொல்கிறோம் என்று அன்பர்கள் நகைக்கலாம், நகைத்துக்கொள்க.)

இதனை உருவாக்கியவர் எச். எல். நாகே கௌடர். மாண்டியா மாவட்டம் நாகமங்கல வட்டத்து ஹெரகனஹள்ளி என்னும் சிற்றூரில் 1915-இல் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து மாவட்டங்களை ஆண்ட அதிகாரி. அதிகாரி சிற்றூருக்கு வந்தால் நிலவரிக் கணக்கையும் வழக்கையும் பார்ப்பார், மாலை மரியாதையை ஏற்பார், போய்விடுவார். இவரோ நாற்று நடும் பெண்கள் பாடும் பாட்டையும், கதை சொல்லும் கிழவரின் குரலையும் ஒலிப்பதிவு நாடாவில் பிடித்துவைத்தார். 1979-இல் கர்நாடக ஜானபதப் பரிஷத்து என்னும் கழகத்தைத் தொடங்கினார். காட்சியகம் 1994-இல் திறக்கப்பெற்றபொழுது அவருக்கு வயது எழுபத்தொன்பது! ஓய்வூதியம் பெற்றுத் திண்ணையில் சாய்ந்திருக்க வேண்டிய வயதில் அவர் ஊரூராகச் சேர்த்த உரலுக்கும் தோற்பாவைக்கும் இடம் தேடிக்கொண்டிருந்தார். 2005-இல் மறைந்தார். கன்னட நாட்டார் அவரை 1995-இல் முதோளில் கூடிய இலக்கிய மாநாட்டிற்குத் தலைவராக்கிப் போற்றியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் சென்றிருந்தன. பிள்ளைகள் பொம்மைகளையும் முகமூடிகளையும் கண்டு களித்தார்கள். நம்முடன் வந்த மூதாட்டி ஒருவரோ வீட்டுக் கலங்கள் வைத்திருந்த பகுதியைவிட்டு நகரவே இல்லை. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மருமகளாய் இந்நகர் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆனவர். "இது நம்ம வீட்டு முறமாச்சே! இவங்க எழுதி வச்சிருக்கறது என்ன?" என்று கேட்டார். கன்னடம் கற்ற பேத்தி 'மொர' என்று படித்துச் சொன்னாள். பிறகு பாட்டியும் பேத்தியும் போட்டிபோடத் தொடங்கிவிட்டனர். உரல் அங்கே ஒரளு, உலக்கை ஒனகெ, குடம் கொட, களஞ்சியம் கணஜ, நாஞ்சில் நேகிலு. தயிர் கடையும் மத்தினைக் கன்னடர் கடெகோலு என்கின்றனர். நம் பழந்தமிழிலும் அது கடைகோல்தான். சித்திரதுர்கக் கோட்டையில் ஐதரலியின் வீரர்களை உலக்கையால் அடித்து வீழ்த்தியதாகச் சொல்லப்படும் ஒனகெ ஓபவ்வையின் கதையைப் பள்ளியில் படித்த அச்சிறுமி, ஒனகெ என்பது தன் பாட்டி வீட்டு உலக்கையே என்பதை அன்றுதான் அறிந்தாள். இரு மொழியாரும் ஒரு தாய் வயிற்றினர் என்று மேடைகளில் பலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். ஒரு முறமும் ஒரு கடைகோலும் அதனை எளிதாய்க் காட்டிவிட்டன.

இத்தகைய முயற்சி நம் நாட்டிற்கே உரியதன்று. சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியஸ் என்னும் மொழியாசிரியர் ஒருவர் இருந்தார். 1872-இல் டலார்னா என்னும் பகுதிக்குச் சென்றபொழுது, ஆலைத் துணியும் புதுப் பழக்கங்களும் புகுந்து உழவர்தம் உடையும் கலங்களும் மறைந்து வருவதைக் கண்டு மனம் நொந்தார். அங்கே ஓர் உழவர் வீட்டுப் பெண்ணின் பாவாடையை விலைகொடுத்து வாங்கினார். தொகுப்பு அதிலிருந்து வளர்ந்தது என்பர். பின்னர் 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பழைய வீடுகளையே பெயர்த்துவந்து வைத்து, 'ஸ்கான்சன்' என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை அமைத்தார். உலகில் இவ்வகைக் காட்சியகங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. பெங்களூர் – மைசூர் இருப்புப்பாதை அமைந்ததும் அக்காலத்தை ஒட்டியே. புகைவண்டி சென்ற இடமெல்லாம் புதுப்பொருள் சென்றது. பழம்பொருள் மூலைக்குச் சென்றது. அங்கும் இங்கும் இதுவே நடந்தது.

வீடுகளைப் பெயர்த்துவந்து வைத்தவர் கர்நாடகத்திலும் ஒருவர் உண்டு. அவர் பெரிய அதிகாரி அல்லர். உடுப்பியில் 1934-இல் பிறந்த விஜயநாத ஷெனாய், அந்நாளைய சிண்டிகேட் வங்கியில் ஊழியம் பார்த்தவர். நம்போல் மாதச் சம்பளக்காரர். கடற்கரை மாவட்டங்களில் பழைய மரவீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டும் காலத்தில், விறகுக்கும் கடைக்கும் போகவிருந்த தூண்களையும் கதவுகளையும் அவர் வாங்கினார். பிறகு முழு வீடுகளையே துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து மணிப்பாலில் மீண்டும் எழுப்பினார். ஒரு தூணை வாங்கும்பொழுது வீட்டுச் செலவுக்கு என்ன எஞ்சியது, இல்லாள் என்ன சொன்னார் என்பதெல்லாம் புகழுரைகளில் இடம்பெறுவதில்லை. சம்பளக்காரர் எவரும் அதனை ஊகிக்கலாம். அவர் 2017-இல் காலமானார். ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் அம்மரபூர் நிற்கிறது. மங்களூரை அடுத்த பண்ட்வாலில் வரலாற்றுப் பேராசிரியர் துக்காராம் பூஜாரி துளுநாட்டு மக்களின் அன்றாட வாழ்வுப் பொருள்களைத் திரட்டிக் காட்சியகம் வைத்திருப்பதும் இவ்வரிசையிலே சேரும்.

சேர்ப்பது தொடக்கம் மட்டுமே. அதன்பின் வரும் வேலை ஓய்வறியாதது. மரத்தில் கறையான் ஏறும், இரும்பு துருப்பிடிக்கும், ஓலைச்சுவடியைப் பூச்சி துளைக்கும், மழைக்காலத்தில் கூரை ஒழுகும். இவற்றினும் கொடிய பகை ஒன்று உண்டு. அதுவே மறதி. பொருள்கள் அனுப்பும் அலுவலகத்தில் இருப்பவர்கள் இதனை நன்கு அறிவார்கள். சீட்டுக் கிழிந்துபோன மூட்டையில் தங்கமே இருந்தாலும், அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்று தெரியாவிடில், அது மூலையில் கிடந்து ஏலத்திற்கே போகும். காட்சியகப் பொருளும் அத்தகையதே. 'பழைய செப்புக் குடம்' என்று எழுதி வைத்தால் அது பாத்திரக்கடைச் சரக்கு. எந்த ஊர், எவர் வீடு, எந்தத் திருமணத்திற்குச் சீராக வந்தது, எந்தக் கிணற்றில் நீர் சுமந்தது என்று எழுதி வைத்தால்தான் அது வரலாறு. நல்ல காப்பாளரின் திறமையை அவருடைய பதிவேட்டைப் பார்த்தே நாம் மதிப்போம். கண்ணாடிப் பேழையைப் பார்த்து அன்று.

காப்பாளர் கண்மூடிய பிறகு என்ன ஆகும் என்னும் கேள்வியும் எழுகிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களையும் இதழ்களையும், நாடக விளம்பரத் துண்டுத்தாள்களையும்கூடச் சேர்த்தார். நூல்கள் மட்டுமே ஏறத்தாழ 50,000. அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்துப் பெற்று, தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகிறது. தொகுப்பு சிதறாமல் பிழைத்தது பெருமகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கோட்டையூர்ப் பிள்ளைகள் அதனைக் காணச் சென்னைக்கு வரவேண்டும். கடல்கடந்து ஒரு பல்கலைக்கழகம் கைகொடுத்திராவிடில் அது என்ன கதியாகியிருக்கும்? நாகே கௌடர் முதலிலே கழகத்தை நிறுவி, பிறகு காட்சியகத்தைக் கட்டியது எத்துணை முன்னறிவு என்பது இதனால் விளங்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் பிழைப்பைத் தேடி இந்நகர் வந்தவர்கள். ஆனால் தமிழ் இங்கு நேற்று வந்ததன்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளச் சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. மடிவாளக் கல்வெட்டொன்று 1247-ஆம் ஆண்டினது. இவற்றை லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர் 1905-இல் அச்சேற்றிய பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் காணலாம். அத்தொகுதியில் கண்ட கற்களைத் தேடிப் புறப்பட்ட பி. எல். உதயகுமார் என்னும் பொறியியலாரும் நண்பர்களும், பல கற்கள் வீடுகளுக்கடியிலும் சாலைக்கடியிலும் புதைந்து போனதைக் கண்டனர். ஹெப்பாளத்தில் 2018-இல் அவர்கள் மீட்ட கன்னடக் கல் ஏறத்தாழ 750-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; இன்று அதற்கொரு மண்டபமும் உண்டு. அவர்கள் தமிழ்க்கல், கன்னடக்கல் என்று வேறுபாடு பாராட்டாமல் தேடுகின்றனர் என்பதைப் பாராட்டுதலோடு குறிக்கின்றோம்.

கல்லுக்கு அவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பரண்மேல் இருப்பதற்கு யார் இருக்கிறார்? ஊரில் பெற்றோர் மறைந்ததும் வீடு பூட்டப்படுகிறது. அண்ணன் தம்பிகள் கூடி நிலத்தைப் பங்கிடுகின்றனர். பித்தளை அண்டாவும் மரக்காலும் எடைக்குப் போகின்றன. அண்டாவின் கழுத்தில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். எடைக்கல்லுக்கு எழுத்துத் தெரியாது. பெங்களூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் உரலை எங்கே வைப்பது என்று கேட்பவரை நாம் குறைகூறமாட்டோம். நமக்கும் அதே இடர்ப்பாடுதான். பொருளைக் காக்க இயலாவிடினும் அதன் பெயரையும் செய்தியையும் எழுதிவைக்க ஓர் எண்பது பக்க நோட்டுப் போதும். ஒரு பக்கத்திற்கு ஒரு பொருள். பெயர், ஊரில் வழங்கும் மாற்றுப்பெயர், செய்தவர், பயன்படுத்தியவர், எப்படி நம் வீட்டிற்கு வந்தது, இப்பொழுது எங்கே. கொடுத்துவிடும் முன்பு ஒரு புகைப்படம். காட்சியகத்திற்குக் கொடுப்பதாயின் அந்தப் பக்கத்தையும் உடன் கொடுக்கவேண்டும்.

மேலே சொன்ன மூதாட்டியார் இப்பொழுது பேத்தியைக்கொண்டு இவ்வாறு எழுதிவருகின்றார். இதுவரை இருபத்துமூன்று பொருள்கள் முடிந்துள்ளன. திருகையின் அடிக்கல்லில் நடுவே நிற்கும் முளைக்குத் தம் ஊரில் ஒரு தனிப்பெயர் உண்டென்றும், அது நினைவிற்கு வரவில்லையென்றும் சொல்கின்றார். தருமபுரி, கிருஷ்ணகிரி, வடாற்காட்டுப் பக்கத்து அன்பர்களில் தெரிந்தவர் இருப்பின் சங்க அலுவலகத்திற்கு ஒரு கார்டு எழுதுக. பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது.