முதல் விமானம்: பெட்டி பெரிதாக இருந்தால் போதுமா?

"பெரிய சைஸா, கட்ட ஈஸியா ஒண்ணு குடுங்க." பிளாஸ்டிக் விமான மாடல் கடைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கேட்பதில் தவறே இல்லை. உறுப்பு பெரிதாக இருந்தால் விரலுக்கு அடங்கும், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், கட்டி முடித்தபின் அலமாரியில் கம்பீரமாக நிற்கும். சிக்கல், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான். கடையில் இருப்பதிலேயே பெரிய பெட்டி எதுவோ அது கைக்கு வந்து சேர்கிறது. சில வாரங்களில் பாதி ஒட்டிய உடலோடு பரணுக்குப் போய்விடுகிறது. அதோடு அந்தப் பொழுதுபோக்கும் முடிந்துபோகிறது. இது நடக்கவே கூடாத இழப்பு. நல்ல முதல் கிட் அமைந்தவர்கள் ஆயுள் முழுக்க இதை விடுவதில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பின்னங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவை அடி, அங்குலக் கணக்கில் பிறந்தவை. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1/72. ஓரடியைக் கால் அங்குலமாக்கினால் 1/48, அரை அங்குலமாக்கினால் 1/24. இரண்டுக்கும் நடுவே 1/32. கீழே உள்ள எண் குறையக் குறைய மாடல் பெரிதாகும். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-ல் தன் முதல் ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடலை 1/72-ல் வெளியிட்டு, வூல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. இன்றும் அந்த அளவில்தான் மலிவான கிட்கள் ஏராளமாக வருகின்றன. ஆனால் 1/72-ல் ஒரு சராசரி விமானியின் உயரமே இரண்டரை சென்டிமீட்டரை எட்டாது. அவர் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டைச் சாமணத்தால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தால், தேடி எடுப்பது பெரும்பாடு. பெரிய அளவு வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் எவ்வளவு பெரியது? ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்வோம். நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 1/72-ல் அது 15.6 சென்டிமீட்டர், 1/48-ல் 23.4, 1/32-ல் 35, 1/24-ல் 47-ஐத் தொடுகிறது. இது வெறும் நீளக் கணக்கு. சாயம் பூசும்போது நமக்கு எதிரே நிற்பது பரப்பு. ஸ்பிட்ஃபயர் இறக்கையின் பரப்பு சுமார் 22.5 சதுர மீட்டர். 1/72-ல் அது 43 சதுர சென்டிமீட்டராகவும், 1/48-ல் 98 ஆகவும், 1/32-ல் 220 ஆகவும் வரும். நீளம் இரண்டேகால் மடங்கு கூடும்போது பூச வேண்டிய இடம் ஐந்து மடங்கு கூடிவிடுகிறது.

கையில் தூரிகை மட்டும் இருக்கும் புதியவருக்கு இந்த ஐந்து மடங்கு பெரிய வித்தியாசம். சின்ன இறக்கையில் இரண்டு இழுப்பில் சாயம் சீராகப் படிந்துவிடும். 1/32 இறக்கையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் பூசிய இடம் காயத் தொடங்கிவிடும். அதன்மேல் மறுபடி தூரிகை பட்டால் வரி விழும். ஸ்ப்ரே கேனோ ஏர்பிரஷோ இல்லாமல் அந்த அளவில் வழவழப்பான பூச்சுக் கொண்டுவருவது அனுபவசாலிக்கே கடினம். ஒட்டுகிற வேலையைப் பெரிய அளவு எளிதாக்குகிறது, பூசுகிற வேலையைக் கடினமாக்குகிறது. இந்த இரண்டும் சமரசமாகும் இடம் 1/48 என்பது என் கருத்து. விமானிக்கு மூன்றரை சென்டிமீட்டர் உயரம் கிடைக்கிறது, காக்பிட்டில் உள்ள கருவிப் பலகையைப் பார்த்துப் பூசலாம், இறக்கையைத் தூரிகையாலும் சமாளிக்கலாம்.

பெரிய பெட்டியில் இன்னொரு கண்ணியும் உண்டு. அளவு கூடும்போது உறுப்புகள் பெரிதாவதோடு நிற்பதில்லை, எண்ணிக்கையிலும் பெருகுகின்றன. இடம் கிடைத்தால் அதை நிரப்பாமல் இருக்க நல்ல தயாரிப்பாளருக்கு மனம் வராது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் இருக்கும் தமியா நிறுவனம் 2009-ல் வெளியிட்ட 1/32 ஸ்பிட்ஃபயரைப் பாருங்கள். எஞ்சின் முழுமையாக உள்ளே இருக்கிறது. அதை மூடும் தகடுகளைச் சின்னச் சின்னக் காந்தங்கள் பிடித்துக்கொள்கின்றன. கழற்றி உள்ளே காட்டலாம், மறுபடி 'டக்'கென்று மூடலாம். சீட் பெல்ட் போன்றவற்றுக்கு அரித்து எடுத்த மெல்லிய உலோகத் தகடுகள் தனியாக வருகின்றன. மாடல் கலையில் அது ஓர் உச்சம். ஆனால் முதல் கிட்டாக அதை வாங்கச் சொல்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. தகடுகள் காந்தத்தோடு சரியாகப் பொருந்த வேண்டுமென்றால், அதற்கு முந்தைய எஞ்சின் வேலை அனைத்தும் மயிரிழை பிசகாமல் அமைந்திருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு கைக்கு வர நாலைந்து மாடல்களாவது ஆகும்.

1/32-தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஜெர்மனியின் ரெவெல் அதே அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 2, மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 ஆகியவற்றைப் புது அச்சில் கொண்டுவந்திருக்கிறது. உறுப்புகள் குறைவு, விலை தமியாவின் 1/32-ஐவிட வெகுவாகக் குறைவு. எஞ்சினை முழுசாகக் கட்டி உள்ளே வைக்கும் வேலையும் இல்லை. பூச்சுக்கு ஒரு ஸ்ப்ரே கேன் வாங்கும் மனம் இருந்தால் தைரியமாக இறங்கலாம். 1/24 பக்கம் இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். பெரிய குண்டுவீச்சு விமானங்களையும் ஒதுக்கிவையுங்கள். பி-17 1/32-லும் கிடைக்கிறது. அதன் இறக்கை ஏறத்தாழ ஒரு மீட்டர். வாங்குவதற்குமுன் வீட்டில் அதை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

அளவு முடிவானபின் எந்த விமானம் என்ற கேள்வி வரும். இதில் அழகுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை அமைப்புக்குக் கொடுத்தால் போதும். ஒற்றை எஞ்சின், ஒற்றைத் தட்டு இறக்கை, தரையில் வாலைச் சாய்த்து நிற்கும் சக்கர அமைப்பு: இந்த மூன்றும் உள்ள விமானம் புதியவருக்கு ஏற்றது. மூக்குச் சக்கரம் வைத்த விமானங்களில் பலவற்றுக்கு, உடலை ஒட்டி மூடுமுன்பே மூக்கினுள் எடை வைக்க வேண்டியிருக்கும். குறிப்பேட்டில் அந்த வரியைக் கவனிக்காமல் ஒட்டிவிட்டால், எல்லாம் முடித்துத் தரையில் வைக்கும்போது விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காரும். பிறகு உடலைப் பிளக்காமல் சரிசெய்ய முடியாது. இரட்டைத் தட்டு இறக்கை விமானங்களில் மேல் இறக்கையைத் தூண்களின்மேல் நேராக நிறுத்துவதே தனிக் கலை. அதன்பின் இழுகம்பிகள் வேறு.

நிறமும் முக்கியம். ஒரே நிறத்தில் முடியும் விமானம் கிடைத்தால் பாதி வேலை குறையும். 1944 வாக்கில் அமெரிக்கக் கடற்படை தன் விமானங்களை முழுக்கக் கடல்நீலத்தில் பூசத் தொடங்கியது. ஹெல்கேட், கோர்ஸேர் இரண்டும் அந்த ஒற்றை நிறத்தில் அருமையாக இருக்கும். பளபளக்கும் வெற்று உலோக நிறத்தில் நிற்கும் மஸ்டாங்கைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் வெள்ளிப் பூச்சு எதையும் மறைக்காது. ஒரு சின்னக் கீறலும் பசைத் துளியும்கூட மேலே தெரியும். ஜெர்மன் விமானங்களின் உடலில் மேகம்போல் பரவும் புள்ளித் திட்டுகள் ஏர்பிரஷ் இல்லாமல் எளிதில் வராது. ஸ்பிட்ஃபயரின் பச்சை-பழுப்பு வளைவுகள் நடுத்தரம். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு தூரிகையாலேயே பூசிவிடலாம்.

நம் வாசகர்களில் பலருக்கு மிக்-21 மேல் ஆசை இருக்கும். 1963-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற விமானம், ஆசை இல்லாமல் போகுமா? செக் நாட்டின் எடுவர்ட் 1/48-ல் தரும் மிக்-21 அருமையான கிட். ஆனாலும் மூக்குச் சக்கரம், நுணுக்கமான உறுப்புகள், வெற்று உலோக நிறம் எல்லாம் சேர்ந்திருப்பதால் அதை மூன்றாவது மாடலாக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருந்து கட்டினால் அந்த விமானத்துக்குரிய மரியாதையைக் கொடுக்கலாம்.

ஸ்பிட்ஃபயர் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் பிரிவு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. ஸ்பிட்ஃபயர் மட்டுமல்ல, நமக்குப் பக்கத்தில் பறந்த போர்விமானங்கள் வேறும் உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஸீரோ விமானங்களைக் கொழும்பின் மேலும் திருகோணமலையின் மேலும் எதிர்கொண்டவை பிரிட்டனின் ஹரிக்கேன்கள். அவற்றில் ஒரு பகுதி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பியவை. ஹரிக்கேனும் ஸீரோவும்கூட ஒற்றை எஞ்சின், வால் சக்கர விமானங்கள்தாம். இரண்டும் 1/48-ல் கிடைக்கின்றன.

அடுத்தது அச்சின் வயது. பெட்டிமேல் உள்ள ஓவியம் புதிதாக இருக்கலாம், உள்ளே உள்ள அச்சு ஐம்பது வருடப் பழையதாக இருக்கலாம். எஃகு அச்சுக்குச் செலவு அதிகம், ஆயுளும் அதிகம். எனவே நிறுவனங்கள் பழைய அச்சையே புதுப் பெட்டியில் போட்டுத் திரும்பத் திரும்ப விற்கின்றன. தேய்ந்த அச்சிலிருந்து வரும் உறுப்பின் ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய கிட் பலவற்றில், விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள் மேலெழும்பி இருக்கும். இணைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அவையும் சேர்ந்து அழியும். ஒரே நிறுவனத்தின் ஒரே விமானத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. தமியாவின் 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1-க்கு 1990-களின் அச்சு ஒன்று, 2018-ல் புதிதாகச் செய்த அச்சு ஒன்று. வாங்க வேண்டியது இரண்டாவதை. எந்தப் பெட்டியில் எந்த வருட அச்சு என்பதை ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிமேல் போடும் கடினநிலை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உறுப்புகள் எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்பதை அது சொல்லாது.

பொருத்தம்தான் புதியவரைக் காப்பாற்றும். அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால், பசை இல்லாமல் இறக்கையையும் உடலையும் சேர்த்துப் பிடியுங்கள். பெரும்பாலான ஸ்பிட்ஃபயர் கிட்களில் கீழ் இறக்கை, இடது வலது இரண்டும் சேர்ந்து ஒரே துண்டாக வரும். முனைகள் மேல்நோக்கி எழும் கோணம் அந்தத் துண்டிலேயே இருப்பதால் நாம் அளந்து வைக்கத் தேவையில்லை. அதன்மேல் மேல் இறக்கைகள், பிறகு உடல். இறக்கை உடலோடு சேரும் வளைவில் வெளிச்சம் ஊடுருவாமல் இருந்தால் கிட் நல்ல கிட். நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் புட்டி அடைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடைக்க வேண்டிவரும். முதல் மாடலில் ஆர்வம் வடியும் இடம் இதுதான்.

பசை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். டியூபில் வரும் கெட்டிப் பசை எளிதில் வழியும். தண்ணீர்போல் இருக்கும் மெல்லிய சிமெண்ட் வாங்குங்கள். உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மூடியோடு வரும் தூரிகையை இணைப்பின்மேல் தொட்டால் போதும். திரவம் தானாகக் கோட்டினுள் ஓடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. லேசாக அழுத்தினால் இணைப்பில் மெல்லிய கோடாக உருகிய பிளாஸ்டிக் எழும். ஒரு நாள் காயவிட்டுத் தேய்த்தால் கோடே தெரியாது. கண்ணாடி மூடிக்கு மட்டும் அதையும் சூப்பர் குளூவையும் தவிர்த்து, வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெண்புகைபோல் படியும், போகாது.

மற்றபடி, உறுப்பு வெட்டும் சின்னக் கட்டர், ஹாபி கத்தி, சாமணம், இரண்டு மூன்று வகை உப்புத்தாள், நல்ல தூரிகை இரண்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம் போதும். பசை, ஸ்ப்ரே கேன் எல்லாம் எளிதில் தீப்பற்றும் பொருள்கள். விமானத் தபாலில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் இவற்றை உள்ளூரிலேயே வாங்குங்கள். சென்னைபோன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் ஈரப்பதத்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். வெயில் உள்ள நாளில் அடியுங்கள். சன்னலைத் திறந்துவைத்து ஒட்டுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து கட்டினால் கத்தி வேலை பெரியவர் கையில் இருக்கட்டும்.

என் பரிந்துரை தெளிவானது. தமியாவின் 2018 அச்சு ஸ்பிட்ஃபயர் மார்க் 1, அளவு 1/48. அது கிடைக்காவிட்டால் அதே அளவில் அதே நிறுவனத்தின் கோர்ஸேர், கடல்நீல நிறத்தில். 1/32 கட்டாயம் என்றால் ரெவெலின் ஸ்பிட்ஃபயர். ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதன் சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படங்களை (டீகால்) ஒட்டி, கடைசிப் பூச்சுக் காயும்வரை இரண்டாவது பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.