லேஸ் பின்ன எந்தப் புத்தகம்?

லேஸ் பின்னப் பழக நினைப்பவர் இணையத்தில் தேடினால் சீக்கிரமே கண்ணில் படுபவை ஐரோப்பாவின் பழம்பெரும் மாதிரிப் புத்தகங்கள். வெனிஸில் 1557-இல் அச்சான ‘லெ பொம்பே’, அதே நகரில் 1591-இல் செசாரே வெசெல்லியோ வெளியிட்ட தொகுப்பு எல்லாம் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அழகில் இவற்றுக்கு இணை கிடையாது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் இவற்றை நம்பி உட்காரக் கூடாது என்றே சொல்வேன். பின்னி முடித்த லேஸ் எப்படி இருக்கும் என்பதை இவை காட்டும். எந்த நூலை எதன் மேல் போடுவது என்று சொல்லித்தராது. அன்று அதைச் சொல்லித்தரப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார். சூரிச்சில் 1561-இல் வந்த மாதிரிப் புத்தகத்தை உருவாக்கிய, ஆர்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்படும் பெண்ணும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர்தான்.

பாபின் லேஸின் வேலைமுறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். கெட்டியான தலையணைமேல் துளையிட்ட வரைபடத்தை விரித்து, துளைகளில் குண்டூசி குத்தி, பாபின் எனும் சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைப் பின்ன வேண்டும். ஒரு நேரத்தில் கையாள்வது இரண்டு ஜோடி, அதாவது நான்கு பாபின்கள். அடிப்படை அசைவுகளும் இரண்டுதான். நடுவிலுள்ள இரண்டில் இடப்பக்கத்து பாபினை வலப்பக்கத்ததன் மேல் போடுவது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போடுவது முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணிபோல் அடர்ந்து வரும். முதல் இரண்டோடு நிறுத்தினால் வலைபோல் விரியும். ஆகவே, வரைபடம் உரிய அளவில் இருக்கிறதா, எத்தனை ஜோடி, எவ்வளவு பருமனான நூல், ஒவ்வொரு ஜோடியும் எந்த வழியே போகிறது என்ற விவரங்கள் உண்டா என்று பார்த்தே புத்தகம் வாங்க வேண்டும். நூலின் பருமனை மாற்றாமல் வரைபடத்தை மட்டும் பெரிதாக்கினால் லேஸ் தொய்ந்துவிடும். தெரேஸ் த தில்மாண்ட் 1886-இல் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியம் பழையதுதான். ஆனால் லேஸ் தலையணையில் தொடங்கிப் படம் போட்டு விளக்குகிறது. குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவும் படிக்கலாம். வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். கை அசைவைப் பழக வீடியோதான் சிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் தலையணைமேல் குத்தி வைக்க அளவான வரைபடம் வேண்டுமே. பாதியில் ஒரு ஜோடி தடம் மாறினால், எங்கே மாறியது என்று விரல் வைத்துப் பார்க்கவும் அச்சிட்ட தாள்தான் உதவும்.

நாகர்கோவில் பெண்கள் புத்தகம் பார்த்தா கற்றார்கள் என்ற கேள்வி இன்னும் வலுவானது. 1820-களில் அங்கே மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் கற்பித்தார். அவர் மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். கைக்குக் கை கற்றதால்தான் அது பரவியது, உண்மை. ஆனால் கையோடு மட்டும் வாழும் கலை, கற்றுத்தர ஆளில்லாத நாளில் நின்றுவிடும். குமரியிலும் நெல்லையிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய வரைபடங்களைத் தேடி எடுங்கள். ஜோடிக் கணக்கையும் நூலின் எண்ணையும் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.