தோடி அறிந்த செவிக்கு பாக் அந்நியரல்லர்

மயிலாப்பூரின் சாந்தோம் பேராலயம் எந்தத் திருத்தூதரின் கல்லறைமீது எழுந்தது என்று மரபு சொல்கிறதோ, அந்தத் தோமாவின் பெயரால் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலும் ஒரு தேவாலயம் உண்டு. 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை அங்கே இசைப்பொறுப்பு வகித்தவர் யோஹான் செபாஸ்தியன் பாக். பெயர்ப்பொருத்தம் தற்செயலானது. ஆனால், அவர் கையாண்ட சில மெட்டுகள் இன்றும் சென்னைத் தேவாலயங்களில் தமிழில் ஒலிப்பது தற்செயலன்று.

அந்த மெட்டுகளுக்கு 'கோரல்' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், வழிபாட்டுக்கு வந்த எளிய மக்களும் தாய்மொழியில் சேர்ந்து பாட வேண்டும் என்று விரும்பியதன் விளைவு அவை. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். ஓரடி முடிந்தால் மூச்சு விட இடம். இவற்றில் பெரும்பாலான மெட்டுகளை பாக் இயற்றவில்லை. ஊரறிந்த மெட்டை எடுத்து, அதன்கீழ் மேலும் மூன்று குரல்களை அமைத்தார். கேட்பவருக்கு மெட்டு முன்பே தெரியும் என்பதுதான் அவருடைய மூலதனம். தெரிந்த பல்லவியை வித்வான் நிரவலில் எங்கே கொண்டுபோகிறார் என்று காத்திருக்கும் நம் ரசிகருக்கு இந்த எதிர்பார்ப்பைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நின்று பார்க்கலாம். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் ஒரு காதல் பாட்டுக்காக வெளியிட்ட மெட்டு, பின்னர் முள்முடி சூடிய கிறிஸ்துவின் முகத்தைப் பாடும் துயரப் பாடலுக்கு உரியதாயிற்று. 'மத்தேயு பாடுகள்' என்னும் பேரிசைப் படைப்பில் பாக் இதை ஐந்து முறை கொண்டுவருகிறார். முதல் இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன; மெட்டு அதே, சுருதி மட்டும் அரைச்சுரம் இறங்குகிறது.

இனிதான் நம் காதுக்கான செய்தி. இந்த மெட்டு தொடங்குவதும் முடிவதும் காந்தாரத்தில். கீழே உள்ள ஷட்ஜமத்தை ஆதாரமாகக் கொண்டால் சங்கராபரணத்தின் சுரங்கள். அந்தக் காந்தாரத்தையே ஆதாரமாக்கினால் தோடியின் சுரங்கள். நாம் கிரகபேதம் என்று சொல்வதுதான் இது (கமகத்தை இங்கே தேட வேண்டாம்). தொடக்கத்தில் பாக், கீழ்க்குரல்களால் சங்கராபரண ஒளியைத் தருகிறார். இயேசு உயிர்விட்டதும் வரும் ஐந்தாம் முறையில், மெட்டில் ஏறத்தாழ எதையும் மாற்றாமல், முடிவைக் காந்தாரத்தின் மீதே நிறுத்திவிடுகிறார். ஆதாரம் காலடியிலிருந்து நழுவியதுபோல் இருக்கிறது. மேலை இசை 'புரியாது' என்று ஒதுங்கும் என் சபா நண்பர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த இரண்டு நிமிடங்களைத்தான்.

இம்மரபு தமிழுக்கு வந்த வழி நீண்டது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தோரும் ஜெர்மன் பாடல்களை அவற்றின் மெட்டுக்கேற்பவே தமிழாக்கினர். இவர்களுள் முதன்மையானவர், 1742-இல் சென்னைக்கு வந்து வேப்பேரியில் பணியாற்றிய, அகராதி தொகுத்த ஃபப்ரீசியுஸ். ஹாஸ்லரின் மெட்டும் 'பாமாலை'யில் இடம்பெற்றது. பெரிய வெள்ளியன்று அதைத் தமிழில் பாடுபவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் பாடுவது பாக் பயன்படுத்திய மெட்டு என்று தெரியும்?

சிக்கலும் இருந்தது. எல்லா அசையும் ஏறக்குறைய ஒரே அளவில் நீளும்போது குறிலும் நெடிலும் மயங்கும், கல் காலாகிவிடும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை, குறவஞ்சி வடிவங்களில் பாடியபோது கிறிஸ்தவத் தமிழிசைக்கு இயல்பான நடை கிடைத்தது. அதற்காக ஞானப்பாட்டுகளை 'இறக்குமதி' என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டுக்கு சமஸ்கிருதச் சொற்கள் அமைத்ததை நாம் நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோமே.

மேலும் கேட்க விரும்புவோருக்கு: பாக்கின் 147-ஆம் கான்டாட்டாவில், பாட்டின் அடிகளுக்கு இடையே வாத்தியங்கள் நெளிந்தோடும் புகழ்பெற்ற பகுதி; 140-ஆம் கான்டாட்டாவில் வயலின்கள் தமக்கென ஒரு மெட்டை வாசிக்க, அதன்மேல் கோரல் வந்தமரும் நடுப்பகுதி. அதன்பின் பிராம்ஸ். மரணத்துக்கு முந்தைய ஆண்டான 1896-இல் அவர் ஆர்கனுக்கு எழுதிய பதினொரு கோரல் முன்னிசைகளில் அதே ஹாஸ்லர் மெட்டு இரண்டு முறை வருகிறது.

இங்கே நிலைமை கவலை தருகிறது. நான் சென்ற சில ஆராதனைகளில் பாமாலைப் பாடல்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிட்டன. நான்கு குரல் போய், கீபோர்டின் தாளக்கட்டில் ஒரே குரலாகிவிட்டன. பலர் கையிலுள்ள புத்தகத்தில் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. மெட்டும் கீழ்க்குரல்களும் மூத்தவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்வதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற பாடகர் குழுக்கள் இந்நகரில் உள்ளன. மயிலாப்பூர் சபா ஒன்று, மார்கழிக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஒரே மெட்டைத் தமிழ்ச் சொற்களோடும் பாக்கின் ஐந்து வடிவங்களிலும் அடுத்தடுத்துப் பாடச் செய்யலாம். நான் சீட்டு வாங்கி வருவேன்.