'ஃப்ரெஷரா? டிரெய்னியா சேருங்க!': நர்சிங் முடித்தவர்களுக்கு முதல் வேலை ஏன் இவ்வளவு கஷ்டம்?

"ஸ்டாஃப் நர்ஸ் தேவை. 2 வருட அனுபவம் அவசியம். ஃப்ரெஷர்கள் டிரெய்னியாக சேரலாம். தங்குமிடம், சாப்பாடு இலவசம்."

நர்சிங் முடித்தவர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இப்படி ஒரு விளம்பரமாவது கண்ணில் படும். சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் அதில் இருக்காது. போன் போட்டுக் கேட்டால், "முதல்ல வந்து சேருங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று பதில் வரும்.

உலகத்தில் நர்ஸுகளுக்குப் பஞ்சம் என்பது உண்மைதான். 2023-ல் உலக அளவில் 58 லட்சம் நர்ஸுகள் பற்றாக்குறையாக இருந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை. இந்தியாவிலும் தேவை அதிகம் என்று சொல்லித்தான் 157 புதிய நர்சிங் கல்லூரிகளை 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அப்படியிருந்தும், கையில் பட்டத்தோடு நிற்கும் 22 வயதுப் பெண்ணிடம் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

யாராவது முதலில் வேலை கொடுத்தால்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும்? இந்தச் சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது, இதை எப்படித் தாண்டுவது என்று பார்ப்போம்.

நாலு வருஷம் படித்தது அனுபவம் இல்லையா?

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. டிப்ளமோவான ஜி.என்.எம். 3 ஆண்டு. இரண்டிலுமே வார்டு பணி பாடத்தின் ஒரு பகுதி. 2021-ல் வந்த புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தின்படி, கடைசி செமஸ்டரில் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும்.

ஆனால், மாணவியாக வார்டில் நிற்பதும் பொறுப்பு நர்ஸாக நிற்பதும் ஒன்றல்ல. ராத்திரி 2 மணிக்கு ஒரு நோயாளிக்கு மூச்சு திணறினால் டாக்டரை எப்போது கூப்பிடுவது, அவர் வரும்வரை என்ன செய்வது என்பதெல்லாம் பக்கத்தில் ஒரு சீனியர் இருந்தால்தான் பழகும். புதியவருக்குச் சில மாதங்கள் மேற்பார்வை தேவை என்று மருத்துவமனைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பிரச்சினை அதற்கு அடுத்தபடியில் வருகிறது. மேற்பார்வை தேவைப்படும் 'டிரெய்னி' என்று சம்பளத்தைக் குறைப்பார்கள். ஒரு மாதம் கழிவதற்குள் அதே டிரெய்னியைத் தனியாக நைட் டியூட்டிக்குப் போடுவார்கள். சம்பளம் பயிற்சியாளருக்கு உரியது, வேலை முழு நர்ஸுக்கு உரியது.

சம்பளம் ஏன் ஏறுவதில்லை?

மாவட்டத் தலைநகரங்களில் உள்ள சிறு, நடுத்தர மருத்துவமனைகளில் புதியவர்களுக்கு 10,000, 12,000 ரூபாயில் ஆரம்பிப்பது இன்றும் சாதாரணம்.

இதைக் கல்விக் கடனோடு சேர்த்துப் பாருங்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை கட்ட ஆரம்பிக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் கடனை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை கிட்டத்தட்ட 4,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டி தனி. 12,000 ரூபாய் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். "ஹாஸ்டல், சாப்பாடு ஃப்ரீ" என்ற வரியைப் பார்த்ததும் பலர் சரி என்று சொல்வது இதனால்தான்.

மருத்துவமனை தரப்பில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். "நாங்க கத்துக்கொடுப்போம், ரெண்டு வருஷத்துல வெளிநாட்டுக்குப் பறந்துடுவாங்க. எதுக்கு அதிக சம்பளம்?" நர்ஸுகளைக் கேட்டால், "சம்பளம் இல்லாததாலதான் போறோம்" என்பார்கள். இரண்டும் உண்மைதான். இந்தச் சுழலில் மருத்துவமனைக்கு நஷ்டமில்லை. ஒருவர் போனால், அதே சம்பளத்துக்கு அடுத்த ஆண்டு முடித்தவர் வருவார்.

சட்டம் எதுவும் இல்லையா?

தனியார் மருத்துவமனை நர்ஸுகளின் நிலை பற்றிய வழக்கில், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவின் பரிந்துரை இது:

* 200 படுக்கைகளுக்கு மேல்: அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம்
* 100 முதல் 200 வரை: அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது
* 50 முதல் 100 வரை: 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது
* 50 படுக்கைகளுக்குக் கீழ்: குறைந்தது 20,000 ரூபாய்

மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆனால் இது பரிந்துரைதான், சட்டம் அல்ல. அமல்படுத்துவது மாநிலங்களின் கையில் இருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளாவில் நர்ஸுகள் தொடர்ந்து போராடிய பிறகு, தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று 2018-ல் அரசாணை வந்தது.

அப்போ அரசு வேலை?

எல்லா வீட்டிலும் சொல்லும் அடுத்த வார்த்தை, "கவர்மென்ட் எக்ஸாம் எழுது." தமிழ்நாட்டில் அரசு நர்ஸுகளைத் தேர்வு செய்வது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. ஆனால் அரசின் முதல் வேலையும் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் சேர்ந்தார்கள். 2 ஆண்டில் நிரந்தரம் என்று எதிர்பார்த்தவர்கள், அது நடக்காமல் போகவே, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். தொகுப்பூதியம் பின்னர் 14,000 ஆகி, 18,000 ஆனது.

கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களின் கதை இன்னும் கசப்பானது. அவர்களில் 2,300-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வேலை முடிந்தது. புத்தாண்டு அவர்களுக்குப் போராட்டத்தில்தான் விடிந்தது.

மத்திய அரசு நிறுவனங்களில் நிலைமை மேல். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் ஜெயித்தால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு இதில் அனுபவம் தேவையில்லை. ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு மட்டும், 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. "பெண்கள் மட்டும்" என்ற விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஆண் நர்ஸுகளுக்கு இங்கேயும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. போட்டி நாடு முழுக்க என்பதால், வேலை பார்த்துக்கொண்டே ஓராண்டாவது படிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வெளிநாடு போகலாமா?

வளைகுடா வேலைகளுக்கு 2 ஆண்டு அனுபவம் கேட்பது வழக்கம். ஜெர்மனியில் அனுபவத்தைவிட மொழிதான் பெரிய தடை. அங்கே முழு நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம்.

ஏஜென்ட் விஷயத்தில் கவனம் தேவை. சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அனுப்ப, 2015 முதல் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மற்ற நாடுகளுக்கு அனுப்பும் ஏஜென்டாக இருந்தால், இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

முதல் வேலையில் சேரும் முன் கவனிக்க வேண்டியவை

1. முதலில் பதிவு. தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நீங்கள் சட்டப்படி நர்ஸ். பதிவுக்குப் பிந்தைய அனுபவத்தைத்தான் பெரும்பாலான இடங்களில் கணக்கில் எடுப்பார்கள். "பதிவு மெதுவா பண்ணிக்கலாம், இப்போ டிரெய்னியா வாங்க" என்று யாராவது சொன்னால், அந்த மாதங்கள் பின்னால் உங்கள் கணக்கில் வராமல் போகலாம்.

2. ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சர்டிஃபிகேட் பீரோவுக்குள் போய்விட்டால், நல்ல வேலை வரும்போது கிளம்ப முடியாது.

3. ஆர்டரில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இருக்கட்டும். டிரெய்னி காலம் உண்டு என்றால் எத்தனை மாதம், அதற்குப் பிறகு என்ன சம்பளம் என்பதும் அதில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

4. பி.எஃப்., பே-ஸ்லிப், வங்கிக் கணக்கில் சம்பளம். இவை சேமிப்புக்கு மட்டுமல்ல, நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கான சாட்சி. கையில் காசாகச் சம்பளம் கொடுக்கும் இடத்தில், 2 ஆண்டு கழித்து அனுபவத்தை நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டும்.

5. விசாரித்தால் பதில் சொல்லும் மருத்துவமனையா? வளைகுடா விண்ணப்பங்களில் உங்கள் அனுபவச் சான்றிதழ் உண்மையா என்று மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்பார்கள். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் 2 ஆண்டு உழைப்பும் சிக்கலில் மாட்டும்.

6. எந்த வார்டு என்று கேளுங்கள். ஐ.சி.யூ., எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். 1,000, 2,000 ரூபாய் குறைந்தாலும் படுக்கை எண்ணிக்கை அதிகமுள்ள, பல பிரிவுகள் உள்ள இடம் முதல் வேலைக்கு நல்லது.

7. இடைவெளி விடாதீர்கள். நல்ல வேலைக்காக ஓராண்டு வீட்டில் காத்திருந்தால், அடுத்த இன்டர்வியூவில் முதல் கேள்வியே அந்த ஓராண்டைப் பற்றித்தான் இருக்கும்.

யாருடைய பிரச்சினை இது?

மேலே சொன்னவை எல்லாம் ஒரு நர்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள். பிரச்சினை அவரோடு முடிவதில்லை. தீவிர சிகிச்சையில், வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது விதிமுறை. ஆள் குறைவான வார்டில் ஒரு டிரெய்னி தனியாக நைட் பார்க்கிறார் என்றால், அங்கே படுத்திருப்பது நம் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம்.

புதிய கல்லூரிகள் திறப்பது நல்லதுதான். அதோடு சேர்த்து, முதல் ஆண்டுப் பயிற்சிக்கு ஒரு கால வரம்பு, அதற்கு ஒரு குறைந்தபட்ச சம்பளம், சான்றிதழைப் பிடித்து வைத்தால் நடவடிக்கை ஆகிய மூன்றும் வந்தால், பாதிப் பேருடைய முதல் வேலை இவ்வளவு கசக்காது.

அதுவரை, உங்கள் வீட்டிலோ தெருவிலோ நர்சிங் முடித்த தங்கை இருந்தால், "இன்னுமா வேலை கிடைக்கல?" என்று கேட்பதற்குப் பதிலாக, அவருக்கு வந்த ஆர்டரை வாங்கி ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.