மின்வண்டியில் ஊர்க்குரல்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரோடு உள்ள உறவு இன்று பெரும்பாலும் மின்வண்டியிலேதான் நடைபெறுகிறது என்று கூறினால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அஃது உண்மையே. காலையில் அடுப்படி அவசரம், பகலில் அலுவலகம், இரவில் வீடு வந்து சேரும்போதோ ஊரிலே பெற்றோர் உண்டு உறங்கிவிடுகின்றனர். இடையில் எஞ்சுவது டோம்பிவிலிக்கோ வசாய்க்கோ திரும்பும் அந்த ஒன்றேகால் மணி நேரந்தான். நெருக்கித் தள்ளும் கூட்டத்தின் நடுவே, ஒரு கையால் மேற்பிடியைப் பற்றிக்கொண்டு, கைபேசியைக் காதருகே ஏந்த இயலாத நிலையில், காதில் செருகிக்கொள்ளும் அந்தச் சிறு இயர்போனே நமக்கும் ஊருக்கும் இடையே பாலமாகிறது. பாலம் பழுதானால் என்ன ஆகும் என்பதை நாம் சென்ற ஆண்டு பட்டு அறிந்தோம்.

நம் அன்னையார் தென்காசிக்கு அருகே சிற்றூர் ஒன்றில் வாழ்பவர், எழுபத்தெட்டு வயது. நாள்தோறும் மாலையில் நாம் வண்டி ஏறியதும் அவரோடு பேசுவது வழக்கம். பழைய இயர்போன் பழுதுபட்டமையால், நிலைய வாயிலில் நின்ற தள்ளுவண்டியில் ரூ. 150 கொடுத்து ஒன்று வாங்கினோம். பாட்டு நன்றாகவே கேட்டது. பேச்சோ மறுமுனைக்குச் செல்லவில்லை. "ஐயா, நீ பேசுதது ஒண்ணும் வெளங்கலையே, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு" என்பார் அன்னையார். நாம் குரலை உயர்த்துவோம். அவர் மீண்டும் கேட்பார். நாம் மேலும் உயர்த்துவோம். இரண்டு வாரத்தில் பேச்சு இரண்டு நிமிடமாகச் சுருங்கிற்று. "சரிய்யா, நீ பத்திரமா போ" என்று அவரே முடித்துவிடுவார். ஒரு ஞாயிறன்று நம் தங்கை அழைத்தாள். "அண்ணே, அம்மாட்ட ஏன் இப்படிச் சத்தம் போடுதிய? பிள்ளைக்கு என்ன கவலையோ, எரிஞ்சு எரிஞ்சு விழுதான்னு அழுதாவ" என்றாள். கருவியின் குற்றத்தை நம் குணத்தின் குற்றமாக அன்னையார் எண்ணிவிட்டிருக்கிறார்! அன்றுதான் இப்பொருளைச் சற்றே ஆராய்ந்து வாங்கவேண்டும் என்ற அறிவு நமக்கு வந்தது.

நாம் பொறியியல் கற்றவர் அல்லேம். சங்கத்து இளைஞர் ஒருவர் கைபேசி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார். அவரிடம் கேட்டறிந்ததும், நாமே கடை கடையாக ஏறி இறங்கித் தெளிந்ததும் ஈண்டு எழுதுகிறோம். எந்த நிறுவனத்தின் பெயரையும் கூறப்போவதில்லை. இவ்வாண்டு நன்றாயிருப்பது அடுத்த ஆண்டு அதே பெயரில் வேறொன்றாக வருகிறது. பெயரை நம்பி வாங்குவதினும் கருவியை அறிந்து வாங்குதலே நன்று.

முதலில் காண வேண்டுவது செருகுமுனை. வட்டமான 3.5 மில்லிமீட்டர் முனையில் கறுப்பு வளையங்கள் எத்தனை என்று எண்ணுக. இரண்டாயின் அதில் மைக் இல்லை. பாட்டு மட்டுமே கேட்கலாம். மூன்றாயின் மைக் உண்டு. இந்த மூன்று வளைய முனையிலும் இரு முறைகள் உள. மைக்குக்கு உரிய தொடுபகுதியும் பொது இணைப்புக்கு உரிய தொடுபகுதியும் ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் இடம் மாறியும் அமைந்திருக்கும். இன்றைய கைபேசிகள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. பழைய சரக்கு கைக்கு வந்துவிட்டால் பாட்டு மெலிந்து ஒலிக்கும், மைக்கோ ஊமையாகிவிடும். இப்பொழுது பல கைபேசிகளில் வட்டத் துளையே இல்லை. டைப்-சி வாய் ஒன்றுதான். அதற்கான இயர்போன்களிலும், ஒலியை மாற்றித் தரும் சிறு சில்லு தன்னகத்தே கொண்டவை ஒருவகை. கைபேசியே அந்த வேலையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பவை மற்றொரு வகை. பின்னது எல்லாக் கைபேசியிலும் வேலை செய்யாது. ஆகையால் தம் கைபேசியையே கடைக்கு எடுத்துச் சென்று செருகிப் பார்த்தல் வேண்டும். நண்பர் கைபேசியில் கேட்டதென்று வாங்கி வந்து ஏமாந்தவர் நம் குடியிருப்பிலேயே இருவர் உளர்.

அடுத்தது காதில் பொருந்துதல். அட்டைப் பெட்டியின் மேல் '10 மில்லிமீட்டர்', '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். பின்னது மனிதச் செவி கேட்கும் எல்லையைக் குறிப்பது. ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் இருப்பது. அதனால் ஒன்றும் விளங்காது. முன்னது ஒலி எழுப்பும் தகட்டின் அகலம். பெரிதாயிருந்தால் இனிமையாயிருக்கும் என்ற விதி இல்லை. நாம் காண வேண்டுவது பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் முனைகளையே. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று இணை இருத்தல் வேண்டும். வலக்காதும் இடக்காதும் ஒரே அளவினவாய் இருக்கவேண்டும் என்பதும் இல்லை; நமக்கே ஒரு காதுக்கு நடுத்தரம், மறுகாதுக்குச் சிறிது. ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துக்கொண்டு மறுகையால் செருகினால் முனை சரியாக அமரும். அமர்ந்ததா என்பதற்கு அடையாளம் எளிது: நம் குரலே நமக்குக் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும், பாட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவாகக் கேட்கும். அவ்வொலி கேட்கவில்லையென்றால் கருவியைக் குறை கூறாது முனையை மாற்றிப் பார்க்க.

இவ்வளவு விரித்தெழுதக் காரணம் இனிமை மட்டும் அன்று. ஓடும் மின்வண்டிப் பெட்டிக்குள் இரைச்சல் 80 டெசிபலை எட்டுவது அரிதன்று. முனை சரியாக அடைக்காவிடில் அந்த இரைச்சலை வெல்ல நாம் ஒலியை ஏற்றுகிறோம், ஏற்றியது பழகிவிடுகிறது, மேலும் ஏற்றுகிறோம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையில், பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம், சிறுவர்க்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரம் என வரம்பு கட்டியுள்ளன. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் காலம் பாதியாகும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5 மணி. நாள்தோறும் போக வர இரண்டரை மணி நேரம் பயணம் செய்பவர், 89 டெசிபலில் கேட்பாராயின், திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் அந்த வாரத்தின் பங்கைத் தீர்த்துவிடுகிறார். இவ்வகையில் கெடும் செவி மருந்தால் மீள்வதில்லை. இரவில் காதுக்குள் 'ங்' என்ற ரீங்காரம் கேட்பதாகக் கல்லூரி செல்லும் பிள்ளைகள் கூறினால் அசட்டை செய்யாது காது மருத்துவரிடம் காட்டுக.

இனி மைக். நம் தலைவலிக்கெல்லாம் காரணமானது இதுவே. வாங்கும்போது எவரும் பாராததும் இதுவே. கடையில் நாம் பாட்டைக் கேட்டுப் பார்க்கிறோம். நம் பேச்சு மறுமுனையில் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதில்லை. கம்பியுள்ள இயர்போனில் மைக் கம்பியின் நடுவே, கழுத்தருகே, ஒரு சிறு பித்தான் பெட்டிக்குள் இருக்கிறது. அது வாய்க்கு அண்மையில் இருப்பது பெரும் நன்மை. ஆனால் சட்டையிலே உராய்ந்தால் கரகரவென்ற ஒலி எழும். ஆகையால் சட்டையில் பற்றவைக்கும் சிறு கவ்வி உள்ளதாகப் பார்த்து வாங்குதல் நலம். கவ்வி இல்லையேல் இரு விரலால் பிடித்துக்கொண்டு பேசலாம். வாயை ஒட்டிப் பிடித்தால் மூச்சுக்காற்று புயலாகக் கேட்கும். நான்கு விரற்கடை தள்ளிப் பிடிப்பது போதும். மைக்கின் துளை ஊசிமுனை அளவினது. வியர்வையும் தூசும் அடைத்துக்கொள்ளும். நன்றாயிருந்த கருவி சில மாதங்களில் 'கிணற்றுக் குரல்' ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பியற்ற வகையில் மைக் காதருகேயே நின்றுவிடுகிறது. வாய்க்கும் அதற்கும் இடையில் வண்டியின் இரைச்சல் முழுதும் புகுந்துவிடுகிறது. இதைக் களையத்தான் 'ஈ.என்.சி.' என்ற ஏற்பாடு. பெட்டியில் இவ்வெழுத்துகளைக் கண்டு, "இனி நமக்கு இரைச்சலே கேட்காது" என்று மகிழ்ந்து வாங்குவோர் பலர். அது பிழை. ஈ.என்.சி. என்பது நாம் பேசும்போது சுற்றுப்புற ஓசையை வடித்து, மறுமுனையில் இருப்பவர்க்கு நம் குரலைத் தெளிவாக்க முயல்வது. நம் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது 'ஏ.என்.சி.' என்னும் வேறு ஏற்பாடு. சுருங்கக் கூறின், முன்னது அன்னையார்க்கு, பின்னது நமக்கு. இரண்டையும் விற்பவரே குழப்பிப் பேசுவதைக் கேட்டோம். குறைந்த விலைக் கருவிகளில் ஏ.என்.சி. செய்யும் பணியைவிட, காதில் சரியாகப் பொருந்திய ஒரு ரப்பர் முனை செய்யும் பணி குறைந்ததன்று என்பது நம் அனுபவம்.

கம்பியா, கம்பியற்றதா என்ற வழக்குக்கு வருவோம். நாம் கண்ட அளவில், கம்பியுள்ளவற்றில் ரூ. 500 முதல் 800 வரையில் நல்லன கிடைக்கின்றன. கழுத்துப்பட்டை வகை ஏறக்குறைய ஆயிரத்திலிருந்தும், இரு காதுக்கும் தனித்தனியான வகை அதற்கு மேலும் செல்கின்றன. கம்பியுள்ளதற்கு மின்னேற்றம் வேண்டா. ஆனால் குர்லாவில் ஏறும் கூட்டம் பக்கத்து ஆளின் பைக்கொளுவியில் நம் கம்பியை மாட்டி இழுத்துச் செல்லும் நாளும் உண்டு. கம்பியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வது அனுபவசாலிகள் வழக்கம். தனித்தனி வகையோ, தோளோடு தோள் மோதும்போது காதிலிருந்து நழுவி நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே விழுந்தால் விழுந்ததுதான். தண்டவாளத்தில் இறங்கி எடுக்க எண்ணவே கூடாது. ஒன்று தொலைந்தால் மற்றொன்றும் பெரிதும் பயனற்றதாகும். கம்பியற்றதே வேண்டுமென்பார்க்குக் கழுத்துப்பட்டையே இவ்வண்டிக்கு ஏற்றது என்பது நம் கருத்து. 'நாற்பது மணி நேரம் பாடும்' என்னும் விளம்பரத்தில், தனித்தனி வகையாயின், கூட்டுக்குள் உள்ள மின்சேமிப்பும் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கும் என்பதை நினைவிற் கொள்க. புளூடூத்தில் அழைப்பு வந்ததும் ஒலி தரம் தாழ்வதும் குற்றமன்று. மைக் திறக்கும்போது அந்த அலைவழியில் இசைக்கு முன்னிருந்த இடம் கிடைப்பதில்லை. மழைக்காலத்திற்கு 'ஐ.பி.எக்ஸ்.4' என்ற குறி இருப்பின் தூறலும் வியர்வையும் தாங்கும். நீரில் அமிழ்த்தலாம் என்று அதற்குப் பொருளன்று. கம்பியற்ற இயர்போன்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் பெட்டியில் இருக்கும், அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அவ்வெண்ணை இட்டு உண்மையானதா என்று காணலாம். தள்ளுவண்டிச் சரக்கின் பெட்டியில் நாம் தேடிப் பார்த்தோம். புகழ்பெற்ற பெயர் ஒன்று ஓரெழுத்து பிறழ்ந்து அச்சாகியிருந்ததைத்தான் கண்டோம்.

பெற்றோர் கட்டாயம் அறியவேண்டியது ஒன்று உண்டு. காதை நன்கு அடைக்கும் கருவி வண்டியின் ஊதலையும் அடைத்துவிடும். மும்பைப் புறநகர் இருப்புப்பாதைகளில் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் தண்டவாளத்தைக் கடந்தவர் பலர். கடப்பது 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அது கிடக்கட்டும், நடைமேடையிலேயே விரைவு வண்டி நில்லாது பாயும்போது காதடைத்து விளிம்பில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டு நாம் பலமுறை நடுங்கியிருக்கிறோம். நம் இல்லத்தில் விதி இதுதான்: நிலையப் படியேறும்போது கழற்றி, வண்டிக்குள் இடம்பிடித்து நின்றபின் செருகுவது, இறங்கும் நிலையத்துக்கு முந்திய நிலையத்திலேயே மீண்டும் கழற்றுவது. மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லப்படும் நடைமேடை மாற்றமும் இதனால் காதில் விழும்.

கடையில் சோதிக்கும் முறை ஒன்றைக் கூறி அமைவோம். குளிரூட்டிய கடைக்குள் எல்லாக் கருவியும் நன்றாகவே பேசும். செருகிக்கொண்டு வாயிலுக்கு வந்து, பேருந்து செல்லும் சாலையோரம் நின்று, கைபேசியின் ஒலிப்பதிவில் இரண்டு வரி பேசிப் பதிந்து கேட்டுப் பாருங்கள். பிறகு ஊருக்கே ஒரு அழைப்பு விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். நாம் மூன்றாம் கடையில்தான் வாங்கினோம்: கம்பியுள்ளது, கவ்வியுடையது, ரூ. 650.

மறுநாள் மாலை வண்டி தாணேக் கழிமுகப் பாலத்தின்மேல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எவருடைய சாப்பாட்டுப் பையோ நம் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பெட்டியின் கோடியில் பஜனைக் கோஷ்டியார் தாளம் தட்டிக்கொண்டிருந்தனர். நாம் குரலை உயர்த்தாமலே ஊர்ச் செய்தி கேட்டோம். அன்னையார் மாட்டுக்குத் தீவனம் விலையேறியது முதல் அடுத்த வீட்டுக் கல்யாணம் வரை இருபது நிமிடம் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் இடையில் நிறுத்தி, "என்னய்யா, இன்னைக்கு வண்டியில கூட்டமே இல்லையா? சத்தத்தையே காணுமே!" என்றார்.