ஓர் இலை, பல சுவை

உலக மக்கள் பருகுவனவற்றுள் தண்ணீருக்கு அடுத்த இடத்தைப் பெற்றது தேநீர். மாளிகையிலும் குடிசையிலும் அதற்கு இடம் உண்டு. சிற்றூர்ச் சாலையோரத்தில் பொழுது புலருமுன் எரியும் முதல் விளக்கு, பெரும்பாலும் தேநீர்க் கடையின் விளக்காகவே இருக்கும். இங்ஙனம் நாள்தோறும் பழகும் பொருளாயினும், அதன் சுவையை அறிந்து பருகுவோர் சிலரே. பாலின் சுவையையும் சருக்கரையின் இனிப்பையும் தேநீரின் சுவை எனக் கொள்வோர் பலர். அவ்விரண்டையும் நீக்கி, இலையின் சாற்றை மட்டும் நாவில் வைத்துப் பார்ப்பவர்க்கே அதனுள் அடங்கியுள்ள பல்வேறு சுவைகள் புலனாகும்.

கருந்தேயிலை, பச்சைத் தேயிலை, ஊலாங் எனத் தேயிலைக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவை வெவ்வேறு செடிகளின் இலைகள் என எண்ணுதல் தவறு. இவை யாவும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. அவ்வினத்தில் சீன நாட்டுச் சிற்றிலை வகை, அசாம் நாட்டுப் பேரிலை வகை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. மண்ணும், மலையின் உயரமும், பருவமும் சுவையை வேறுபடுத்துகின்றன. அவற்றோடு மனிதரின் கைத்திறனும் சேர்கின்றது.

ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப்பெற்ற கொழுந்து முதலில் பரப்பி வாட்டப்படும், பின்னர் உருட்டப்படும். உருட்டும்பொழுது இலை நசுங்கிச் சாறு வெளிப்படும். அச்சாறு காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடப் பச்சை நிறம் மாறிச் செப்பு நிறம் தோன்றும். அரிந்து வைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுப்பதும் இத்தகைய மாற்றமே. தக்க பதம் வந்ததும் வெப்பக் காற்றால் உலர்த்த, மாற்றம் நின்றுவிடும். இங்ஙனம் முற்றும் மாறிய இலை கருந்தேயிலை. தொடக்கத்திலேயே ஆவியிலோ சட்டியிலோ வெதுப்பி, மாற்றம் நிகழாமல் தடுக்கப்பெற்ற இலை பச்சைத் தேயிலை. இடைவழியில் நிறுத்தப்பெற்றது ஊலாங்.

கருந்தேயிலையுள்ளும் வேறுபாடு மிகுதி. அசாம் தேயிலையின் சாறு செறிவும் அழுத்தமும் உடையது. டார்ஜிலிங் தேயிலையின் சாறு நிறத்தில் மெல்லியது; ஒருவகைத் திராட்சையின் மணத்தை நினைவூட்டுவது. நீலகிரித் தேயிலை தெளிந்த நிறமும் மலர் போன்ற நறுமணமும் வாய்ந்தது. உறைபனி பெய்யும் குளிர்மாதங்களில் கிள்ளிய கொழுந்திற்கு அம்மணம் தனிச் சிறப்புடையது. இலங்கையில் 1867-ஆம் ஆண்டில் சேம்சு தெய்லர் என்பவர் தேயிலைத் தோட்டம் அமைத்தார். பின்னர் அந்நாட்டுக் காப்பிச் செடிகளை நோய் அழிக்கவே, அம்மலைகளைத் தேயிலை மூடிற்று. அங்கு நுவரெலியாவின் உயர்ந்த சரிவுகளில் விளையும் இலை மென்சுவைக்குப் பெயர் பெற்றது.

இலைக்குப் பிற பொருள்களின் மணத்தை ஊட்டும் வழக்கமும் பழமையானது. தேயிலை தன் அருகிலுள்ள மணத்தை எளிதில் கவர்ந்துகொள்ளும். சீனத்தின் பூச்சோ நகரத்தார் இவ்வியல்பை நன்கு பயன்கொண்டனர். மாலையில் மல்லிகை அரும்புகளைத் தேயிலையோடு கலந்து வைப்பர். இரவில் அரும்புகள் அவிழ, அவற்றின் மணம் இலையில் படியும். காலையில் வாடிய பூக்களை நீக்கிப் புதிய அரும்புகளை இட்டு, மீண்டும் அவ்வாறே செய்வர். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பெர்கமட்டுப் பழத்தோலின் எண்ணெயைக் கருந்தேயிலையிற் சேர்த்தால், ‘ஏர்ல் கிரே’ என்னும் வகை கிடைக்கும். இஞ்சியும் ஏலமும் தட்டியிட்டுக் காய்ச்சும் நம் நாட்டுத் தேநீரும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மணத்தைக் கவரும் இவ்வியல்பே சில வேளைகளில் கேடாகவும் முடிகின்றது. பெருங்காயத்தின் பக்கத்தில் திறந்து வைத்த தேயிலை பெருங்காய மணத்தையே தரும். ஆதலின் காற்றுப் புகாத கலத்தில் அதனைக் காத்தல் வேண்டும்.

சுவை காண்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் உளர். குன்னூர் முதலிய ஏல நகரங்களில் தேயிலை விற்பனைக்கு வருமுன் அவர்கள் அதனைத் தேர்வர். இத்தேர்வுக்கெனப் பன்னாட்டுத் தரநிறுவனம் 1980-ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தது. அதன்படி 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலையிட்டு, கொதிநீர் வார்த்து, 6 நிமிடம் மூடி வைத்தல் வேண்டும். பின் சாற்றை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து, அதன் நிறத்தையும் ஊறிய இலையின் மணத்தையும் நோக்குவர். ஒரு கரண்டிச் சாற்றை ஓசையெழ உறிஞ்சி, வாயில் சுழற்றி, உமிழ்ந்துவிடுவர். அவ்வோசை நாகரிகக் குறைவு அன்று. காற்றோடு கலந்த சாற்றின் மணம் தொண்டை வழியே மூக்கை அடையவே அங்ஙனம் செய்கின்றனர். மூக்கைப் பிடித்துக்கொண்டு தேநீரைப் பருகினால் இவ்வுண்மை விளங்கும். மல்லிகைத் தேநீரும் இஞ்சித் தேநீரும் அப்பொழுது தம் மணத்தை இழந்து நிற்கும்.

இவ்வாராய்ச்சியை எவரும் தம் இல்லத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரே கருந்தேயிலையை மூன்று குவளைகளில் ஒவ்வொரு தேக்கரண்டி இட்டு, புதிதாகக் கொதித்த நீரைச் சம அளவாக வார்த்து மூடுக. முதற் குவளையை 2 நிமிடத்திலும், அடுத்ததை 4 நிமிடத்திலும், மூன்றாவதை 8 நிமிடத்திலும் வடித்துவிடுக. முதலாவது மெலிந்து நிற்கும். இரண்டாவதில் மணமும் செறிவும் பொருந்தும். மூன்றாவதில் துவர்ப்பு மேலோங்கும். நம் முன்னோர் துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தோடு இணைவதால் நாவில் வறட்சி தோன்றுகின்றது என்பது அறிவியலார் விளக்கம். பால் சேர்க்கத் துவர்ப்புத் தணிவதும் இதனாலேயே. அப்பொருள்கள் பாலின் புரதத்தோடு சேர்ந்துவிடுகின்றன. பச்சைத் தேயிலைக்கோ கொதிநீர் மிகை. 80 பாகை அளவில் ஆறிய நீரே அதற்கு ஏற்றது.

நிறம் கண்டு மயங்குதல் கூடாது. கறுக்கக் கறுக்கக் கொதித்ததே நல்ல தேநீர் என்பது பலரின் எண்ணம். இவ்வெண்ணத்தை அறிந்த வஞ்சகர், பயன்படுத்திய சக்கைக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நனைத்த வெள்ளை உறிஞ்சுதாளில் அத்தூளைச் சிறிது தூவினால், சாயம் உடனே கசிந்து பரவித் தன்னைக் காட்டிக் கொடுக்கும். நல்ல இலைக்கு இவ்வெளிவேடம் வேண்டியதில்லை. வடித்த சாறு கண்ணாடி போல் தெளிந்து, செம்பொன் நிறத்தில் ஒளிர்தலே அதன் அழகு.

ஒரு கிலோகிராம் தேயிலைக்கு நான்கு முதல் ஐந்து கிலோகிராம் பசுங்கொழுந்து வேண்டும். கையால் பறிக்குமிடத்து அவை ஒவ்வொன்றாகக் கிள்ளப்பெறுபவை. நீலகிரியிலும், ஆனைமலையிலும், இலங்கையின் மலைநாட்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்டிர் மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறித்து வந்துள்ளனர். தொழிற்சாலையில் இராப்பகலாகப் பதம் பார்த்தவர் பலர். அவர் அனைவரின் உழைப்பும் ஒரு தேக்கரண்டித் தேயிலையில் அடங்கி இல்லத்திற்கு வருகின்றது. அதனை மணம் கெடாமல் காப்பதோ, அடுப்பில் மறந்துவிட்டுக் கசக்கச் செய்வதோ கடைசியாக அதனைக் கையாளுபவரின் பொறுப்பு. அளவறிந்து இட்டு, காலமறிந்து வடித்து, சுவையறிந்து பருகுபவர், முகமறியாத அவ்வுழைப்பாளர்க்கு உரிய மதிப்பை அளித்தவர் ஆவர்.